சிக்காகோப் படையல்

மனோர் பார்க், லண்டன்
17.9.1989

சிக்காகோவில் இருக்கும் பெர்னடெற் அவர்களுக்கு,

நானும் பாலாம்பிகையும் சுகம். அங்கே நீரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம், ஆகவே எழுதுகிறேன்.

நான் இராஜேந்திரனின் தகப்பன். இதுவரை உமக்கு எழுதியதில்லை. எழுத விருப்பம் இருந்ததுமில்லை. என் மகன் உம்மைக் கட்டுவதற்கு என்னைக் கேட்கவில்லை, தாய்க்கு அட்டை போட்டு அறிவித்தான். இந்த மாசியில் அவனுடைய லொறி பனியில் சறுக்கியதை நீர் தொலைபேசியில் சொன்னீர். பிறகு சாம்பலை ஏரியில் கரைத்துப் படம் அனுப்பினீர். கடலில் கரைப்பதே முறை. சிக்காகோவுக்குக் கடல் இல்லை என்று நூலகத்து வரைபடத்தில் பார்த்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் அவருடைய வாய்க்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்போம். மீன் விரும்பியவருக்கு மீன், சாராயம் விரும்பியவருக்குச் சாராயம். அது கிடைக்காதவர் ஒரு வருடத்தில் வரும் ஆட்டைத் திவசம் முடிந்து போகிற இடத்துக்குப் பசியோடு போவார். இராஜேந்திரனுக்கு எட்டு நடக்கவில்லை. ஆட்டைக்கு முன்பாவது அதைச் செய்ய வேண்டும் என்று பாலாம்பிகை ஒற்றைக்காலில் நிற்கிறா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவன் பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் என்ன தின்றான் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். 1985இல் ஒரு படம் அனுப்பினான். லொறிக்குப் பக்கத்தில், கையில் ஏதோ சாப்பாட்டுடன் நிற்கிறான். தலைக்கு மேல் ஒரு பலகை. சுத்தமான மாட்டிறைச்சி என்று அதில் எழுதியிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தவன். அந்தப் பலகையை வாசிக்க எனக்கு வேறொருவர் தேவைப்படவில்லை. முட்டைகூட ஏறாத வீடு எங்களுடையது. மாடு தின்பவனுக்கு இங்கே இடமில்லை என்று அன்றைக்கே தபால் அட்டை போட்டேன். அதற்கு அவன் பதில் போடவில்லை.

அவன் மிக விரும்பிச் சாப்பிட்டது என்ன? ஒரு சொல்லில் எழுதினால் போதும். தொலைபேசி எடுக்க வேண்டாம். உம்முடைய குரலை அந்தக் குழாயில் இன்னொரு தடவை கேட்க என்னால் ஏலாது.

இப்படிக்கு,
க. பரமேஸ்வரன்


சிக்காகோ
2.10.1989

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். ஆசுபத்திரியில் என் வேலை தொடர்கிறது. அம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று அறிய ஆவல்.

ஒரு சொல் கேட்டீர்கள். ஹொட்டோக்.

ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் படைக்க முடியாது. அமெரிக்காவில் அது ஊருக்கு ஊர் வேறு. சிக்காகோவில் எப்படி என்றால், கசகசா தூவி வெதுப்பிய நீளப் பணிஸை ஆவியில் மெதுவாக்குவார்கள். அதற்குள் மஞ்சள் கடுகுக் களியில் ஒரு கோடு. இந்த ஊர்க் கடுகில் காரம் இல்லை, நிறம் மட்டும்தான். பிறகு றெலிஷ் என்ற இனிப்பு ஊறுகாய். இலையில்கூட நீங்கள் காணாத பச்சை அது, இருட்டில் எரியும்போல இருக்கும். கொத்திய வெங்காயம், இரண்டு பிளவு தக்காளிப்பழம், பணிஸின் நீளத்துக்கு வினாகிரியில் ஊறிய கெக்கரிக்காய், இரண்டு குட்டி மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே செலறி உப்பு. தோட்டத்துக்குள்ளால் இழுத்து வந்தது என்று இந்த ஊரார் அதைச் சொல்வார்கள். தக்காளிச் சோஸ் கேட்டால் கடைக்காரன் ஆளை மேலும் கீழும் பார்ப்பான்.

உங்கள் மகன் முதல் நாள் கேட்டார். அப்படித்தான் எனக்கு அவரைத் தெரியவந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்துக் கடைக்காரன் சத்தம் போட, அவர் தமிழில் முணுமுணுத்தார்: "இவன் என்ன, குருக்கள் மாதிரி நிக்கிறான்." நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்க.

பெர்னடெற்


மனோர் பார்க்
20.10.1989

பெர்னடெற் அவர்களுக்கு,

சுகம். பாலாம்பிகையின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு சொல் கேட்டேன், நீர் ஒரு தாள் நிறைய எழுதினீர். அதை நாலு தரம் வாசித்தேன். பாலாம்பிகை கேட்டுக்கொண்டதால் வாசித்துக் காட்டினேன்.

இங்கே ஹொட்டோக் என்று விற்பது வேறு. அப்ரன் பார்க் ஸ்ரேசனடியில் சனிக்கிழமை ஒரு வான் நிற்கும். ஐந்து ஆண்டுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்து போனவன் நான். போன சனி நின்று பார்த்தேன். வெங்காயத்தைக் கரியும்வரை பொரிக்கிறான். ஒரு போத்தலில் சிவப்புச் சோஸ், ஒன்றில் மண்ணிறச் சோஸ், ஒன்றில் கடுகு. தக்காளிச் சோஸைக் குளிக்க வார்ப்பதுபோல் ஊற்றுகிறான், ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. கெக்கரிக்காயும் இல்லை, கசகசாவும் இல்லை. இங்கத்தைக் கடுகு நெருப்பு என்று சொல்லி எச்சரித்தான். நான் வாங்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்றேன்.

ஒரே பண்டம். கடல் தாண்டியதும் உடுப்பு முழுவதும் மாறிவிட்டது. எனக்கு இது புதினமாக இருக்கிறது.

நீர் எழுதியதில் குறை ஒன்று. பணிஸுக்குள் வைக்கிற இறைச்சிச் சொசேஜைப் பற்றி ஒரு வரி இல்லை. என்ன நீளம், அவித்ததா, பொரித்ததா? அது மாட்டிறைச்சி என்பது எனக்குத் தெரியும், அதை நான் கேட்கவில்லை. மற்றதை எழுதவும். வேறு ஊர் முறைகளையும் எழுதவும். பாலாம்பிகை அறிய விரும்புகிறா.

க. பரமேஸ்வரன்


சிக்காகோ
12.11.1989

மதிப்புக்குரிய ஐயா,

சுகமே இருக்கிறேன். இங்கே முதற்பனி கொட்டிவிட்டது. பனி விழும் நாட்களில் நான் ஜன்னல் சீலையை இழுத்து விடுவேன். அங்கே குளிர் தொடங்க முன் அம்மாவுக்கு நல்ல காலுறை வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு கோடைகள் நான் லீவு எடுத்து லொறியில் அவருடன் போனேன். ஊர் மாறுவதை அவர் பலகை பார்த்து அறியமாட்டார். பணிஸைப் பார்த்துச் சொல்வார்.

நியூயோர்க்கில் தெருவண்டில். முட்டைக்கோவாவைப் புளிக்கவைத்து அள்ளிப் போடுவார்கள், அல்லது வெங்காயத்தைத் தக்காளியில் வதக்கி. டெற்றொயிற்றில் இறைச்சிக் குழம்பை ஊற்றி, கடுகு பூசி, பச்சை வெங்காயத்தை மலையாகக் கொட்டுவார்கள். அங்கே ஒட்டினாற்போல் இரண்டு கடைகள், ஒரே குழம்புக்காக ஊரே இரண்டாய்ப் பிரிந்து நிற்கிறது. நம்மூர்க் கோயில் வழக்குகள் மாதிரி என்று அவர் சிரித்தார். மேற்கு வேர்ஜினியா மலைகளில் கோவாவைப் பூப்போலச் சீவி, இனிப்பும் புளிப்புமாய்ப் பிசைந்து மேலே வைப்பார்கள். ஒரு பள்ளத்தாக்கில் கோவா உண்டு, அடுத்த பள்ளத்தாக்கில் இல்லை. எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க அவர் ஒருநாள் லொறியைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். அரிசோனாப் பாலைவனத்தில் மெக்சிக்கோக்காரர் பணிஸைத் தொட்டில்மாதிரிச் செய்து, அவித்த போஞ்சி விதை, தக்காளி, வெங்காயம், மிளகாய்ச் சோஸ் எல்லாவற்றையும் அதற்குள் படுக்கவைப்பார்கள். சொசேஜுக்குப் பன்றி இறைச்சியைச் சுற்றிக் கட்டுவார்கள். இரவானாலும் வெக்கை அடங்காத அந்த வெளியில், வண்டிலின் ஒற்றை விளக்கடியில் அவர் கண்ணை மூடி மென்றதை இன்னும் காண்கிறேன். "இந்தச் சனம் எல்லாம் ஒரு பாணை வைச்சுக்கொண்டு என்னென்ன யோசிச்சிருக்குது பார்" என்றார்.

சொசேஜின் நீளம் ஒரு சாண். சிக்காகோவில் வெந்நீரில் சூடாக்குவார்கள். வேறு எழுத இல்லை.

பெர்னடெற்


மனோர் பார்க்
28.11.1989

அன்புள்ள பிள்ளை பெர்னடெற்றுக்கு,

மாமி எழுதுறன். நான் சுகம், நீர் சுகமோ. நல்லாச் சாப்பிடும்.

என்ர பேரைச் சொல்லி இவர் உமக்கு எழுதுறார் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. மேசைத் துணி மாத்தேக்க உம்மட கடிதங்களைக் கண்டன். நான் ஒண்டும் கேக்கச் சொல்லேல்லை, பிள்ளை. வாசிச்சுக் காட்டவும் இல்லை.

எட்டு ஏன் நடக்கேல்லை எண்டு எழுதியிருக்கமாட்டார். நான் அண்டைக்கு உழுந்து ஊறப்போட்டனான். மாடு திண்டவனுக்கு இந்த வீட்டில படையல் இல்லை எண்டு இவர்தான் தண்ணி ஊத்தி அடுப்பை நூத்தவர். பிறகு ஆறு மாசம் ஒண்டும் கதைக்கேல்லை. இப்ப பஸ்ஸில போகேக்க ஹொட்டோக் வான் கண்டா இறங்கி நிக்கிறார். கலண்டர்த் தாளுக்குப் பின்பக்கம் பணிஸ் கீறிப் பேர் எழுதி வைச்சிருக்கிறார். சாமி அறையில அமெரிக்கா வரைபடம் தொங்குது.

உண்மையை எழுதுறதெண்டா, மகன் ஒரு வருசமாப் பசியோட நிக்கிறான் எண்டு இவருக்குப் பயம். வாயால சொல்லமாட்டார். நீர் தொடர்ந்து எழுதும், பிள்ளை. நான் எழுதினது தெரியவேண்டாம்.

மாமி பாலாம்பிகை


மனோர் பார்க்
30.12.1989

பெர்னடெற்றுக்கு,

நாங்கள் சுகம். உமது நத்தார் வாழ்த்து மட்டைக்கு நன்றி. மட்டை வந்தது, கடிதம் வரவில்லை. ஆறு கிழமையாக ஒரு விவரமும் இல்லை. பாலாம்பிகை கவலைப்படுகிறா.

இதற்கிடையில் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். அமெரிக்கச் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றியது. அகராதியோடு உட்கார்ந்தேன். கன்சாஸ் நகரத்தில் பாற்கட்டி உருக்குகிறார்களாம். வடகிழக்குக் கரையில் ஓர் ஊரில் சொசேஜுக்குக் குங்குமச் சிவப்புச் சாயம் போடுகிறார்களாம். சின்சினாற்றியில் பாற்கட்டியைத் துருவிக் கொட்டி, உள்ளே இருப்பது தெரியாமல் மூடிவிடுகிறார்களாம். வாசிக்க வாசிக்க எனக்கு மேல் சிலிர்த்தது. கதிர்காமத்தில் ஒரு கோலம், நல்லூரில் ஒரு கோலம், இங்கே சேர்ச் றோட்டில் ஒரு கோலம், முருகன் ஒருவன்தான். இந்த ஒப்பீடு தகாது. ஆனால் மையால் எழுதியதை நான் அடிப்பதில்லை.

இத்தனை ஊரையும் என் மகன் சக்கரத்தில் சுற்றியிருக்கிறான். நான் சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்து முப்பது ஆண்டு சக்கரம் பூட்டினேன். அதில் ஏறி மதவாச்சிக்கு அங்கால் போனதில்லை.

இனி முடிவு வேண்டும். இவற்றில் எது? ஆட்டைக்குக் கிட்டடியில் ஒரு ஞாயிறு பார்த்திருக்கிறேன்.

க. பரமேஸ்வரன்


சிக்காகோ
10.1.1990

மதிப்புக்குரிய ஐயா,

சுகம். பிந்தியதற்கு மன்னிக்கவும். எழுதி எழுதிக் கிழித்தேன்.

சிக்காகோ முறைதான். எந்த ஊருக்குப் போய்வந்தாலும், வீட்டுக்கு வரமுன் லொறியை அந்தக் கடையில்தான் நிறுத்துவார். கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான்.

வேறு ஏதாவது கேட்க விரும்பினால் கேளுங்கள், ஐயா. எதைக் கேட்டாலும் சொல்வேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

பெர்னடெற்


மனோர் பார்க்
22.1.1990

மருமகள் பெர்னடெற்றுக்கு,

சுகம். உமது கடிதம் ஆறே நாளில் வந்தது. வேறு கேட்க ஒன்றுமில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது.

மாசி பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை படைக்கிறேன். சிக்காகோ முறை, ஒரு குறையும் வைக்காமல். மாட்டிறைச்சி சொசேஜோடு.

இதைக் கோயிலில் கல்யாணசுந்தரத்திடம் சொன்னேன். திதி பார்ப்பதில் கெட்டிக்காரர், வாயிலும் கெட்டிக்காரர். எட்டுக்கு வைப்பதை ஆட்டைக்குக் கிட்ட வைக்க முறை இல்லை என்றார். முறை இல்லாவிட்டால் நான் வைக்கிறதுதான் முறை என்றேன். பிறகு என்ன படையல் என்று கேட்டார். சொன்னேன். நெற்றித் திருநீறு சுருங்கிவிட்டது.

"பரமண்ணை, கோழி எண்டாலும் ஒரு கதை. மாடு எண்டால் நான் இனி உங்கட வீட்டுத் தேத்தண்ணியும் குடிக்கமாட்டன்."

"அப்ப எனக்குத் தேயிலை மிச்சம்" என்றேன்.

அறுபத்தேழு வயதுவரை நான் என் வீட்டுக்குள் மீன்வாடை வர விட்டதில்லை. அதில் எனக்கு மாற்றம் எதுவும் இல்லை. மாடு தின்பது பிழை என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் அவன் தின்றது அது. விரும்பியதைப் படைப்பதென்றால் விரும்பியதைத்தான் படைக்க வேண்டும். எனக்கு விருப்பமானதை அவனுக்குப் படைத்தால் அது என்னுடைய படையல்.

கசகசாப் பணிஸ் யூதர்களின் வெதுப்பகம் ஒன்றில் கிடைக்கிறது. வட்டமானது, ஆனாலும் நீளமாகச் செய்துதர ஒத்துக்கொண்டான். மாட்டுச் சொசேஜும் அந்தத் தெருவில் உண்டு. செலறி உப்பு இருக்கிறது. கெக்கரிக்காயை நானே ஊறப்போட்டிருக்கிறேன். அந்தப் பச்சை றெலிஷ் மட்டும் லண்டன் முழுக்கத் தேடியும் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கிறேன்.

க. பரமேஸ்வரன்


சிக்காகோ
5.2.1990

அன்புள்ள மாமா,

நீங்கள் அனுமதி தரவில்லை, நானே அப்படி அழைக்கிறேன். உங்கள் கடிதம் வந்த நாள்முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசியை இரண்டு தரம் கையில் எடுத்தேன். போன மாசியில் அதில் நான் உங்களுக்குச் சொன்ன சொற்கள் நினைவு வந்தன. வைத்துவிட்டேன். பதினோராம் திகதிக்கு முன் இது உங்கள் கையில் கிடைக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன்.

மாமா, அவர் மாடு தின்னவில்லை. ஒருநாளும் தின்னவில்லை.

சொசேஜ் இல்லாமல்தான் வாங்குவார். பணிஸும் தோட்டமும் மட்டும். நான் முதல் நாள் கடைக்காரன் சத்தம்போட்ட கதையை எழுதினேன் அல்லவா. அது பாதிக் கதை. தக்காளிச் சோஸுக்குப் போட்ட சத்தம் சின்னது. சொசேஜ் வேண்டாம் என்றதற்குத்தான் பெரிய சத்தம். வரிசை முழுக்கச் சிரித்தது. காசு குறைக்கமாட்டேன் என்று சொசேஜைத் தனியே ஒரு கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். இவர் அதை என்னிடம் நீட்டினார். "தமிழோ? நீங்கள் சாப்பிடுவியளெண்டால் இதை எடுங்கோ" என்றார். நான் வேதக்காரி, எல்லாம் சாப்பிடுகிறவள், எடுத்தேன். அதன் பிறகு நான் அவரோடு போன எல்லா ஊரிலும் எனக்கு இரண்டு சொசேஜ். டெற்றொயிற்றில் வெங்காயமும் கடுகும், நியூயோர்க்கில் புளித்த கோவா, பாலைவனத்தில் போஞ்சி விதை. எந்த ஊரிலும் சிரித்தார்கள். எந்த ஊரிலும் முழுக் காசு கொடுத்தார்.

உங்கள் தபால் அட்டை வந்தபோது ஒரு வரியில் பதில் எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். "அப்பா கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவர் கேக்கேல்லை. தீர்ப்புத்தான் எழுதினவர்" என்றார். கேட்காமல் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீங்கள் கேட்பீர்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் காத்திருந்தேன். சொசேஜின் நீளம் கேட்டீர்கள், வேக்காடு கேட்டீர்கள். தின்றானா என்று மட்டும் கேட்கவில்லை.

இன்னும் கேட்கவில்லை. சத்தியத்தை நான்தான் மீறுகிறேன். வரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன். அந்த வீட்டுக்குள் அதை ஏற்றாதீர்கள், மாமா. அவர் பத்து ஆண்டு காத்ததை அவருக்காக நீங்கள் உடைக்கக் கூடாது.

அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். பலகையை வேண்டாம். கையைப் பாருங்கள்.

உங்கள் மருமகள்
பெர்னடெற்


மனோர் பார்க்
12.2.1990

மருமகள் பெர்னடெற்றுக்கு,

சுகம். நீர் ஒரு வரியும் எழுதவில்லை. அங்கே கடும் பனி, விமானங்கள் நிற்கின்றன என்று செய்தியில் சொன்னார்கள். அதனால் இருக்கலாம்.

படையல் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எங்கே பிழை என்று நீர் சொல்ல வேண்டும்.

புதுச் சட்டி வாங்கினேன். வீட்டு அடுப்பில் ஏற்ற மனம் வரவில்லை. பின்வளவில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு அவித்தேன். இடுக்கியால்தான் தூக்கினேன். ஆனால் வாசலில் நின்று யோசிக்கவில்லை. நேரே உள்ளே கொண்டுபோனேன். பாலாம்பிகை வடையும் பாயாசமும் வைத்தா. நடுவில் வாழையிலையில் நான் சிக்காகோவை அடுக்கினேன். கடுகு, வெங்காயம், தக்காளி, கெக்கரி, மிளகாய், உப்பு. அவன் வளர்ந்தபின் எடுத்த படம் எங்களிடம் வேறு இல்லை. ஆகவே அந்தப் பலகைப் படத்தைத்தான் சட்டம் போட்டு வைத்தேன். விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். சாப்பிடு ராசன், அப்பா ஒன்றும் சொல்லமாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

பிறகு காகத்துக்கு வைத்தோம். பின்மதிலில் இலையோடு வைத்துக் கூப்பிட்டேன். இந்த மனோர் பார்க் காகங்களை நீர் அறியமாட்டீர். கோழிக்கடைக் குப்பையில் எலும்புக்கு அடிபடுகிற கூட்டம். ஒன்று வந்தது. பெரியது. இலையைச் சுற்றி நடந்தது. சொசேஜை அலகால் பிடித்து வெளியே இழுத்து ஒரு பக்கம் போட்டது. பிறகு பணிஸைத் தின்றது. தக்காளியைத் தின்றது. நான் ஊறப்போட்ட கெக்கரிக்காயைக் காலால் அமத்திக் கிழித்துத் தின்றது. மிளகாயையும் விடவில்லை. இலையைத் துடைத்துவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தது. சொசேஜைத் தொடாமல் பறந்துவிட்டது. பின்னேரம்வரை அது மழையில் அப்படியே கிடந்தது. வேறொரு காகமும் வரவில்லை. மண்ணில் கிடங்கு வெட்டித் தாட்டேன்.

பாலாம்பிகை அழுதா. லண்டனில் இறைச்சியை விட்டுவிட்டு ஊறுகாய் தின்னும் காகம் இல்லை. கண்ணால் கண்டேன்.

நான் பிழையான ஊர்ச் சொசேஜை வைத்துவிட்டேன்போல. அல்லது அந்தப் பச்சை றெலிஷ் இல்லாததால் கோபமா? என்ன குறை என்று உடனே எழுதும். அவன் அரைப்பசியோடு எழும்பியிருக்கிறான்.

க. பரமேஸ்வரன்


மனோர் பார்க்
26.2.1990

மகள் பெர்னடெற்றுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீர் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்.

உமது ஐந்தாம் திகதிக் கடிதம் பதினான்காம் திகதிதான் வந்தது. பாலாம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். இந்தமுறை உண்மையாகவே வாசித்துக் காட்டினேன்.

படத்தைப் பார்த்தோம்.

அவன்மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை. ஒரு வரி. ஒரு தபால் அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். தகப்பன் கேட்கவில்லை என்று ஒரு மகன் நாலு ஆண்டு வாயை மூடிக்கொண்டிருப்பானா? இரண்டு பேரும் ஒரே அச்சு என்கிறா பாலாம்பிகை. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டைக் கழுவினோமா என்று கல்யாணசுந்தரம் கேட்டனுப்பினார். கழுவவில்லை. கழுவமாட்டேன். என் மகனுக்காக உள்ளே வந்தது அது.

அடுத்த ஆண்டுத் திவசத்துக்கு அந்தப் பச்சை றெலிஷில் ஒரு போத்தல் வேண்டும். தபாலில் உடைந்துவிடும், நீர்தான் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நாங்கள் வீட்டில் இருப்போம். தொலைபேசி எடுக்கலாம்.

இன்னொன்று. நேற்று முன்தினம், சனிக்கிழமை, அப்ரன் பார்க் வானுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றேன். ஒரு ஹொட்டோக், சொசேஜ் வேண்டாம் என்றேன். அவன் விளங்காமல் திரும்பக் கேட்டான். நானும் திரும்பச் சொன்னேன். பின்னால் நின்ற பெடியங்கள் சிரித்தார்கள். ஒருவன் பெரியவருக்குப் பல் இல்லை என்றான். எனக்குக் காது சுட்டது. முழுக் காசும் எடுத்துக்கொண்டு, சொசேஜைக் கடதாசியில் சுற்றித் தந்தான். எனக்குப் பக்கத்தில் தமிழ்ப்பிள்ளை ஒருவரும் இல்லை. அந்தச் சிரித்த பெடியனிடமே நீட்டினேன்.

இதை அவன் பத்து ஆண்டு, நூறு ஊரில் செய்திருக்கிறான் என்பதை அங்கே நின்றுதான் விளங்கிக்கொண்டேன். எவ்வளவு பெரிய நாடு அது, மகள். எத்தனை வரிசை.

மதிலோரம் நின்று தின்றேன். கரிந்த வெங்காயமும் பணிஸும் கடுகும். நன்றாகத்தான் இருந்தது. உங்கள் ஊர்க் கடுகில் காரம் இல்லை என்று எழுதியிருந்தீர். எங்கள் ஊர்க் கடுகு அப்படியில்லை. கண்ணால் நீர் ஊற்றிவிட்டது. வான்காரன் எட்டிப் பார்த்து, சுகமா என்று கேட்டான்.

கடுகு என்று சொன்னேன்.

இப்படிக்கு,
மாமா